பழைய மருந்து, புதிய பணி: மரபணுக் கோளாறுகளும் அறிவுத்திறன் குறைபாடும்

சர்க்கரை நோய்க்குத் தரும் மாத்திரை குழந்தைகளின் அறிவுத்திறனைக் கூட்டுகிறது என்றோ, கொழுப்பைக் குறைக்கும் மருந்து மனவளர்ச்சிக் குறைபாட்டைப் போக்கிவிடும் என்றோ அவ்வப்போது ஒரு செய்தி பரவுகிறது. பெரும்பாலும் அதற்கு அடியில் உண்மையான ஓர் ஆய்வு இருக்கும். அது சுண்டெலிகளில் நடந்த ஆய்வு என்ற தகவலும் செய்தியின் கடைசிப் பகுதியில் எங்காவது இருக்கும். ஆனால் செய்தி கைக்குக் கை மாறும்போது சுண்டெலி காணாமல் போய்விடுகிறது, "பழக்கப்பட்ட மருந்துதானே, பாதுகாப்பானதுதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்ற கேள்வி மட்டும் பெற்றோரின் மனத்தில் தங்கிவிடுகிறது.

அது இயல்பான கேள்வி. அதைக் கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்குவது சரியன்று. ஆய்வாளர்களும் அதே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மருந்து மனித உடலுக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்பது ஒன்று. இந்தக் கோளாறில், இந்த வயதில், இது பலன் தருமா என்பது மற்றொன்று. மருந்து பழையது என்பதால் முதல் கேள்வியின் சுமை பெருமளவு குறைகிறது. இரண்டாவதன் சுமை துளியும் குறைவதில்லை. கடந்த 20 ஆண்டுகளில் இத்துறை கண்ட நம்பிக்கைகளும் ஏமாற்றங்களும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

அறிவுத்திறன் குறைபாடு ஒரே நோயின் பெயர் அன்று

ஓர் அறையில் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். குமிழ் பழுதாகியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், தெருவுக்கே மின்சாரம் வராமலும் இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரிவது இருட்டு ஒன்றுதான், ஆனால் இருட்டுக்கென்று தனியாக ஒரு பழுதுபார்ப்பு கிடையாது. எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்த பிறகே எதை மாற்றுவது என்ற பேச்சு வரும்.

அறிவுத்திறன் குறைபாடும் அந்த இருட்டைப் போன்றதே. கற்றல், காரணம் காணுதல், சிக்கலைத் தீர்த்தல் ஆகிய திறன்கள் சராசரியைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பதோடு, பேச்சு, தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற அன்றாடத் திறன்களிலும் தடை இருந்து, இவையெல்லாம் வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியிருந்தால் அதை அறிவுத்திறன் குறைபாடு என்கிறோம். அறிவுத்திறன் ஈவு (ஐக்யூ) ஏறத்தாழ 70க்குக் கீழே இருப்பது ஓர் அடையாளம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து இந்நிலையை முடிவு செய்வதில்லை.

இதற்குக் காரணங்கள் பல. பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைவது, கருவிலேயே தொற்று ஏற்படுவது, தாய்க்கு அயோடின் போதாமல் போவது ஆகியவை மரபணுவைச் சாராதவை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மரபணு என்பது, ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று உயிரணு வைத்திருக்கும் குறிப்பு. புரதம் என்பது அந்தக் குறிப்பின்படி உருவாகி, உயிரணுவுக்குள் ஏதேனும் ஒரு வேலையைச் செய்யும் மூலக்கூறு. குறிப்பில் பிழை நேர்ந்தால் புரதம் உருவாகாமல் போகலாம், குறையலாம், மிகலாம், அல்லது தவறான வடிவில் உருவாகலாம். அறிவுத்திறன் குறைபாட்டோடு தொடர்புடையவையாக இதுவரை 1000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. டவுன் நோய்க்குறியில் ஒரு மரபணு மட்டும் பிழைபடுவதில்லை. மரபணுக்களைத் தாங்கிய இழைகளான குரோமோசோம்களில் 21ஆவது, இரண்டுக்குப் பதிலாக மூன்று பிரதிகளாக இருக்கிறது. இதை ஜெரோம் லெஜூனும் உடன் பணியாற்றியவர்களும் 1959இல் அறிவித்தார்கள்.

ஆகவே, "அறிவுத்திறன் குறைபாட்டுக்கு மருந்து" என்ற சொற்றொடரே தளர்வானது. குறிப்பிட்ட மரபணு, அதனால் குலைந்த குறிப்பிட்ட இயக்கம், அந்த இயக்கத்தைத் தொடும் மருந்து என்று பேசினால்தான் பொருள் தெளிவாகும்.

மறுபயன்பாடு என்பதன் பொருள்

ஒரு பூட்டுக்கென்று செய்த சாவி, வேறொரு கதவின் பூட்டையும் திறப்பதுண்டு. இரண்டு பூட்டுகளின் உள்ளமைப்பும் ஒன்றாக இருந்தால் அது தற்செயலன்று. மருந்துகளும் அப்படியே. ஒரு மருந்து ‘இதய நோயை’ நேரடியாகத் தொடுவதில்லை. ஏதோ ஒரு புரதத்தைத் தொடுகிறது. மருந்து சென்று பற்றும் அந்தப் புரதத்தை இலக்கு என்பார்கள். அதே இலக்கு சிறுநீரகத்திலும் இருக்கலாம், மூளையிலும் இருக்கலாம்.

ஒரு நோய்க்காக உருவாக்கி, மனிதரில் சோதித்து, பெரும்பாலும் அனுமதியும் பெற்ற மருந்தை மற்றொரு நோய்க்கு முறைப்படி ஆராய்ந்து பயன்படுத்துவதே மருந்து மறுபயன்பாடு. மார்புவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில் 1998இல் ஆண்மைக் குறைவுக்கான மருந்தாக அனுமதி பெற்றதும், கருவில் இருந்த குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்ததற்காகச் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட தாலிடோமைடு, தொழுநோயில் தோன்றும் ஒருவகை அழற்சிக்கும் பின்னர் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் கடுமையான கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்ததும் பலரும் அறிந்தவை. இதில் ‘முறைப்படி’ என்ற சொல் முக்கியமானது. மருத்துவர் தம் பொறுப்பில், அனுமதிக்கப்படாத ஒரு நோய்க்கு ஒரு மருந்தை எழுதித் தருவது வேறு. அது சட்டத்துக்குட்பட்டதாகவும் சில நேரம் நியாயமானதாகவும் இருக்கலாம், ஆனால் அதிலிருந்து மற்றவர்களுக்குப் பயன்படும் அறிவு எதுவும் தானாகச் சேர்வதில்லை.

பழைய மருந்தை எடுப்பதில் உண்மையான ஆதாயம் உண்டு. புதிய மூலக்கூறு ஒன்றை ஆய்வகத்திலிருந்து மருந்தகம் வரை கொண்டுசெல்லப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆவது வழக்கம். பழைய மருந்திலோ எந்த அளவில் நஞ்சாகும், குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும், எந்த மருந்தோடு சேர்த்துத் தரக்கூடாது என்பவை முன்பே தெரிந்திருக்கும். ஆயினும் அந்தத் தகவல்கள் வேறு நோயுள்ள, பெரும்பாலும் வயதுவந்த மனிதர்களிடமிருந்து பெறப்பட்டவை. மூளைக்கு வெளியே வேலை செய்யும் மருந்துக்கு மூளைக்குள் நுழையத் தேவையிருந்ததில்லை. குருதி-மூளைத் தடுப்பு எனப்படும், இரத்தத்தில் உள்ள பொருள்களை மூளைக்குள் எளிதில் விடாத உயிரணு அடுக்கை அது கடக்குமா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். 60 வயதில் பத்தாண்டுகள் உட்கொள்ளப் பாதுகாப்பான மாத்திரை, 3 வயதில் வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கும் அவ்வாறே இருக்கும் என்று கருதிவிட முடியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது: தடை பிடிக்காத வண்டி

நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நுண்ணிய இடத்துக்கு நரம்பிணைப்பு என்று பெயர். நாம் ஒன்றைக் கற்கும்போது சில நரம்பிணைப்புகள் வலுக்கின்றன; சில தளர்கின்றன. வலுப்பதற்கும் தளர்வதற்கும் அந்த இடத்தில் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். அதற்கான உத்தரவு, தொடர்ச்சியாக ஒன்றையொன்று தூண்டும் சில புரதங்களின் வழியே செல்கிறது. இந்தத் தொடரைச் சமிக்ஞைப் பாதை என்பர்.

இந்தப் பாதைகளில், வண்டியில் இருப்பதைப் போல, வேகமூட்டும் முடுக்கியும் உண்டு, நிறுத்தும் தடையும் (பிரேக்) உண்டு. அறிவுத்திறனைப் பாதிக்கும் மரபணுக் கோளாறுகளில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி, முடுக்கி பழுதானதால் வருவதன்று. தடை அறுந்ததால் வருவது. கற்றல் நடக்க ஒரு நரம்பிணைப்பு மாறவும் வேண்டும், மாற்றம் தேவையான இடத்தில் நிற்கவும் வேண்டும். எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பாதை எதையும் குறிப்பாகப் பதிவுசெய்ய முடியாது. எல்லா எழுத்தையும் தடித்த எழுத்தில் அச்சடித்த பக்கத்தில் எந்தச் சொல்லும் தனித்துத் தெரியாதல்லவா?

மூன்று கோளாறுகளைப் பார்க்கலாம். நரம்புகளில் கட்டிகள் தோன்றும் முதல் வகை நியூரோஃபைப்ரோமடோசிஸில், ராஸ் என்ற முடுக்கிப் புரதத்தை அடக்கும் தடைப்புரதம் குறைகிறது. இதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவது முழுமையான அறிவுத்திறன் குறைபாட்டைவிடக் கற்றல் இடர்ப்பாடே. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸில், டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 என்ற மரபணு பழுதடைவதால் எம்டார் என்ற முடுக்கி கட்டுப்பாடின்றி ஓடுகிறது. மூளையில் கட்டிகளும் வலிப்பும் கூடவே வரும். ஃப்ராஜைல் எக்ஸ் நோய்க்குறியில், எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து, மரபணுவையே மூடிவிடுகிறது. நரம்பிணைப்பருகே புரத உற்பத்தியை மட்டுப்படுத்தும் புரதம் அதனால் உருவாவதில்லை.

மூன்றிலும் உருவகம் ஒன்றே, ஆனால் அறுந்த தடை வேறு வேறு. ஓடும் முடுக்கியை வெளியிலிருந்து சற்றே அடக்கும் மருந்து ஏற்கெனவே நம்மிடம் இருந்தால்? மறுபயன்பாட்டின் தர்க்கம் இந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது.

ஒரு தீவின் மண்ணிலிருந்து மூளை வரை

அந்தத் தர்க்கத்துக்கு மிக அழகான எடுத்துக்காட்டு ரபமைசின். 1964இல் ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற ஒரு மருத்துவக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் பெயரே மருந்தின் பெயரிலும் உள்ளது. பூஞ்சைக்கு எதிரான மருந்தாகவே முதலில் பார்க்கப்பட்டது. பிறகு நோய் எதிர்ப்பாற்றலை அடக்குவது தெரிந்து, 1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்து உடலில் எதைப் பற்றுகிறது என்று தேடியபோதுதான் எம்டார் என்ற புரதமே கண்டறியப்பட்டது. எம்டார் என்ற பெயரில் உள்ள ‘ஆர்’ ரபமைசினைக் குறிப்பது. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸில் ஓடிக்கொண்டிருக்கும் அதே முடுக்கி!

2008இல், டிஎஸ்சி2 மரபணுவின் ஒரு பிரதி பழுதான, வளர்ந்த சுண்டெலிகளுக்குச் சில நாள்கள் ரபமைசின் கொடுத்தபோது அவற்றின் கற்றல் குறை நீங்கியதாக ஆய்வறிக்கை வெளிவந்தது. பிறவியிலேயே அமைந்துவிட்டது, மாற்ற முடியாது என்று கருதப்பட்ட ஒன்று, வளர்ந்த பிறகும் மாறக்கூடும் என்பதே அதில் வியப்பூட்டிய செய்தி.

ஸ்டேட்டின் எனப்படும், கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளின் கதையும் இதற்கு இணையானது. ராஸ் புரதம் வேலை செய்ய அது உயிரணுவின் சவ்வில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு சிறு கொழுப்புவால் வேண்டும். கொலஸ்டிரால் உருவாகும் அதே உற்பத்தி வரிசையில்தான் அந்த வாலும் உருவாகிறது. கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து வாலையும் குறைக்கும். வால் குறைந்தால் ராஸின் ஓட்டம் தணியும். ஆல்சினோ சில்வாவின் ஆய்வகம் 2005இல் லோவாஸ்டேட்டின் தந்து, நியூரோஃபைப்ரோமடோசிஸ் சுண்டெலிகளின் கற்றலும் கவனமும் சீரடைந்ததைக் காட்டியது. மாரடைப்பைத் தடுக்க உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கும் மலிவான மாத்திரைக் குடும்பம் இது. அந்நாளில் எழுந்த உற்சாகத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று.

மனிதரில் கிடைத்த விடை

2008இல் நெதர்லாந்தில், நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள 62 குழந்தைகளுக்கு 12 வாரம் மற்றொரு ஸ்டேட்டினான சிம்வாஸ்டேட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மருந்துப்போலி, அதாவது மருந்தைப் போலவே தோன்றினாலும் உள்ளே மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, குழந்தைக்கும் பெற்றோருக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் மறைத்தார்கள். முதன்மை அளவீடுகளில் வேறுபாடு இல்லை. துணை அளவீடு ஒன்றில் மட்டும் சிறு முன்னேற்றம் தென்பட்டது. காலம் போதவில்லையோ என்ற ஐயத்தில் 84 குழந்தைகளோடு ஓராண்டு முழுவதும் நடத்திய அடுத்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. பலன் இல்லை. லோவாஸ்டேட்டினைக் கொண்டே நடத்திய மற்றொரு ஆய்வும் 2016இல் அதே விடையைத் தந்தது.

டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸில் நடந்தது இதைவிடக் கூர்ந்து பார்க்கத்தக்கது. ரபமைசினின் நெருங்கிய உறவான எவரோலிமஸ், இந்நோயில் மூளையில் வளரும் ஒருவகைக் கட்டியைச் சுருக்குகிறது என்பதால் 2010இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 366 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் வலிப்புகளைக் குறைத்ததும் நிறுவப்பட்டு, 2018இல் அதற்கும் அனுமதி வந்தது. மருந்து மூளையை எட்டுகிறது, இலக்கைப் பற்றுகிறது, உண்மையான பலனும் தருகிறது. இருந்தும் அறிவுத்திறனையே அளந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில், 2017இலும் 2019இலும், மருந்துப்போலியைவிட மேலான முன்னேற்றம் தெரியவில்லை. வாய்ப்புண், தொற்று போன்ற பக்கவிளைவுகள் மட்டும் வந்தன.

ஃப்ராஜைல் எக்ஸில், புரத உற்பத்தியைத் தூண்டும் எம்ஜிஎல்யுஆர்5 என்ற ஏற்பியை, அதாவது நரம்பணுவின் சவ்வில் சமிக்ஞையைப் பெறும் புரதத்தை, அடக்கினால் சமநிலை திரும்பும் என்ற கருதுகோளை மார்க் பியர், கிம்பர்லி ஹூபர், ஸ்டீஃபன் வாரன் ஆகியோர் 2004இல் முன்வைத்தார்கள். சுண்டெலிகளில் அது பலமுறை பலித்தது. மனிதருக்காக உருவாக்கப்பட்ட மருந்துகள், குறிப்பாக மாவோகுளூரன்ட், பெரிய ஆய்வுகளில் தோற்று, 2014இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. டவுன் நோய்க்குறியில், மறதி நோய்க்குத் தரும் மெமன்டைன் 2008இல் சுண்டெலிகளின் நினைவாற்றலுக்கு உதவியது; 40 வயதைக் கடந்தவர்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்விலும், இளையோரில் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் உதவவில்லை.

சுருங்கச் சொன்னால், இயக்கத்தைப் பற்றிய புரிதல் சரியாக இருந்தும், மருந்து இலக்கைத் தொட்டும், சுண்டெலி குணமடைந்தும், குழந்தையின் கற்றல் அளவிடத்தக்க வகையில் மாறாமல் போகலாம். ஒரு முறையன்று, பல கோளாறுகளில் இது நடந்திருக்கிறது.

ஏன் இந்த இடைவெளி

முதல் காரணம் காலம். ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்த சிமென்ட் கலவை தவறாக இருந்தது. பத்து மாடி எழும்பிய பிறகு சரியான கலவை வந்து சேர்கிறது. இனி கட்டப்போகும் சுவருக்கு அது உதவும், அடித்தளத்தை மாற்றாது. இதற்கு மருத்துவத்தில் மிகத் தெளிவான சான்று, பிறவித் தைராய்டுக் குறைவு. பிறந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் தொடங்கினால் குழந்தையின் அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே அமைகிறது. அதே எளிய மாத்திரையைச் சில ஆண்டுகள் கழித்துத் தந்தால் இழந்தது திரும்புவதில்லை. ஃபீனைல்கீட்டோனூரியாவும் அப்படியே. ஃபீனைலலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க முடியாத இந்தக் கோளாறை 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்தார். 1960களில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய குதிகால் இரத்தச் சொட்டுச் சோதனைதான், பிறந்த சில நாள்களுக்குள் உணவைக் கட்டுப்படுத்தி அறிவுத்திறன் குறைபாட்டை வருமுன் காக்க வழிசெய்தது. மரபணுக் கோளாறால் வரும் அறிவுத்திறன் குறைபாட்டை எதுவும் செய்ய முடியாது என்று சொல்வோர் இவ்விரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

காலம்தான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. கற்ற பேச்சையும் கைத்திறனையும் குழந்தை இழக்கும் ரெட் நோய்க்குறிக்குக் காரணமான மெக்பி2 மரபணுவை வளர்ந்த சுண்டெலிகளில் மீண்டும் இயங்கச் செய்தபோது, முற்றிய அறிகுறிகளும் பின்வாங்கியதை ஏட்ரியன் பேர்டின் குழு 2007இல் காட்டியது. எனவே சில கோளாறுகளில் கட்டடமே கோணலாகிவிடுகிறது. சிலவற்றில் கட்டடம் நிற்கிறது, உள்ளே மின்னோட்டம்தான் இல்லை. எது எந்த வகை என்பதைக் கோளாறுதோறும் தனியே கண்டறிய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் அளவுகோல். சுண்டெலியின் கற்றலை, நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எத்தனை நொடியில் கண்டடைகிறது என்று அளக்கிறார்கள். பேச்சு வராத ஒரு சிறுவனின் கற்றலை எப்படி அளப்பது? வழக்கமான அறிவுத்திறன் தேர்வுகள் சராசரி மனிதருக்காக வகுக்கப்பட்டவை; மிகக் குறைந்த மதிப்பெண் பெறுபவர்களை அவை ஒரே தரைமட்டத்தில் வைத்துவிடும். ஒருவர் புதிதாகப் பத்துச் சொற்கள் கற்றிருந்தாலும், தேர்வின் தரைமட்டம் அதற்கு மேலே இருந்தால் மதிப்பெண் நகராது. அதனால் பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் படிவங்களை நாடுகிறார்கள். அங்கே அடுத்த சிக்கல்: மருந்துப்போலி பெற்ற குழந்தையும் முன்னேறிவிட்டதாகப் பெற்றோர் உண்மையாகவே உணர்கிறார்கள். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு, முன்பும் இருந்த நல்ல நாள்கள் இப்போதுதான் தெரிகின்றன. குழந்தையும் சில மாதங்களில் இயல்பாகவே வளர்ந்திருக்கிறது. ஃப்ராஜைல் எக்ஸ் ஆய்வுகளில் இந்த விளைவு வலுவாகத் தென்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வின் முடிவை நான் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வது இதனால்தான்.

இவை தவிர, ஆய்வகச் சுண்டெலிகள் ஒரே மரபணுப் பின்னணியும் ஒரே கூண்டும் ஒரே உணவும் கொண்டவை. மனிதக் குழந்தைகள் அப்படியல்லர்.

ஒரே மரபணு, எதிரெதிர்த் திசை

மரபணுவின் பெயர் தெரிந்துவிட்டால் மருந்து தெரிந்துவிடும் என்பது மற்றொரு பரவலான தவறு. குழாய் பழுது என்றால் போதாது. ஒழுகுகிறதா, அடைத்துக்கொண்டதா என்று தெரிய வேண்டும். ஒழுகும் குழாய்க்குச் செய்வதை அடைத்த குழாய்க்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

எஸ்சிஎன்2ஏ என்ற மரபணு, நரம்பணுவின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில் ஒன்றை உருவாக்குகிறது. சிலரில் பிழை அந்த வாயிலை அளவுக்கு மீறித் திறக்கிறது. பிறந்த முதல் சில மாதங்களிலேயே வலிப்பு வரும் இவர்களுக்குச் சோடிய வாயிலை அடக்கும் பழைய வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் உதவுகின்றன. வேறு சிலரில் அதே மரபணுவின் பிழை வாயிலைச் செயலிழக்கச் செய்கிறது. அதே மருந்து அவர்களுக்கு உதவாததோடு, கேடும் செய்யலாம். உறவு மரபணுவான எஸ்சிஎன்1ஏ செயலிழப்பதால் வரும், குழந்தைப் பருவத்திலேயே கடும் வலிப்பு தொடங்கும் டிராவெட் நோய்க்குறியில் கார்பமசெபின் போன்ற மருந்துகள் வலிப்பைக் கூட்டும் என்பது நன்கு அறியப்பட்ட எச்சரிக்கை. ‘வலிப்புக்குப் பழக்கப்பட்ட மருந்துதானே’ என்பது இங்கே ஆபத்தான வாக்கியம்.

திசை சரியாக இருந்தும் தவறியதுண்டு. கேசிஎன்டி1 என்ற மரபணுவின் பிழையால் பொட்டாசிய வாயில் ஒன்று மிகையாகத் திறக்கிறது; இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் குவினிடின் அந்த வாயிலை அடைக்கும் என்று ஆய்வகத்தில் தெரிந்தது. 2014இல் ஒரு குழந்தைக்கு வியக்கத்தக்க பலன் கிடைத்ததாக அறிக்கை வந்தது. 6 நோயாளிகளோடு முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டபோது வலிப்பு குறையவில்லை. சிலருக்கு இதயத்தில் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றியதால் அளவை உயர்த்தவும் முடியவில்லை.

ஆக, மருந்தைப் பொருத்த மரபணுவின் பெயர், பிழையின் திசை, மருந்து மூளையில் எட்டக்கூடிய அளவு, வயது ஆகிய எல்லாமே வேண்டும்.

பலித்தவையும், பலிக்கக்கூடியவையும்

இவ்வளவையும் படித்து, இந்த வழியே வீண் என்று முடிவு செய்தால் அதுவும் தவறு. உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்டு, இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட ஃபென்ஃபுளூரமின், மிகக் குறைந்த அளவில் டிராவெட் நோய்க்குறியின் வலிப்புகளைப் பெருமளவு குறைப்பதைப் பெல்ஜிய மருத்துவர்கள் நெடுங்காலம் கவனித்துவந்தனர். முறையான ஆய்வுகளுக்குப் பின் 2020இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதயத்தைக் குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. எவரோலிமஸும் இதுவும் அறிவுத்திறனுக்கான மருந்துகள் அல்ல, வலிப்புக்கானவை. ஆனாலும் நாள்தோறும் பலமுறை வலிப்பு வரும் குழந்தையால் எதையும் கற்க இயலாது என்பதால், வலிப்பு குறைவதை நான் இந்தக் கணக்கில் சிறிதாக மதிப்பிடமாட்டேன்.

2022இல், இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சிறு பம்ப் வழியாக 6 மாதம் விட்டுவிட்டுச் செலுத்தியபோது, டவுன் நோய்க்குறி உள்ள 7 ஆண்களில் 6 பேரின் அறிவுத்திறன் அளவீடுகள் மேம்பட்டதாக ஓர் ஆய்வு தெரிவித்தது. இது பருவமடைதல் தாமதமாகும் நோயில் ஏற்கெனவே பயன்படும் சிகிச்சை. ஒப்பீட்டுக் குழு இல்லை, எண்ணிக்கை மிகச் சிறியது. மேலே சொன்ன காரணங்களால் இதை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ளலாம். தொடக்கத்தில் குறிப்பிட்ட சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின், 2017இல் ஃப்ராஜைல் எக்ஸ் சுண்டெலிகளின் குறைகளைச் சீராக்கியதாக அறிவிக்கப்பட்ட பிறகே மனித ஆய்வுகளுக்கு வந்தது.

தோல்வியும் வழி காட்டுவதுண்டு. பேச்சு வளராமையும் வலிப்பும் காணப்படும் ஏஞ்சல்மன் நோய்க்குறியில் தாய்வழி வந்த யுபிஇ3ஏ மரபணு பழுதாகிறது. தந்தைவழிப் பிரதி நன்றாக இருந்தும் நரம்பணுக்களில் உறக்கத்தில் இருக்கிறது. அதை எழுப்பக்கூடிய மருந்து உண்டா என்று 2306 சேர்மங்களைச் சலித்துப் பார்த்ததில் டோப்போடீகன் என்ற புற்றுநோய் மருந்து சிக்கியது. குழந்தைகளுக்கு நெடுங்காலம் தர இயலாத அளவு நச்சுத்தன்மை கொண்டது அது. ஆயினும் உறங்கும் பிரதியை எழுப்ப முடியும் என்பதை அது நிறுவியதால், அதே வேலையைக் குறிவைத்துச் செய்யும் வேறுவகை மருந்துகள் இன்று மனிதரில் சோதிக்கப்படுகின்றன.

யார் சோதிப்பது?

காப்புரிமை முடிந்த மருந்தை எந்த நிறுவனமும் தயாரிக்கலாம். நுகர்வோருக்கு அது நல்லது, ஆய்வுக்கு அன்று. கோடிகளைச் செலவிட்டு ஒரு பழைய மாத்திரையின் புதிய பயனை நிறுவினாலும், செலவிட்ட நிறுவனத்துக்கு அதில் தனி ஆதாயம் கிட்டாது. அதனால் இத்தகைய ஆய்வுகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும், அரசு நிதியும், குறிப்பிட்ட கோளாறுக்காகப் பெற்றோர் சேர்ந்து நடத்தும் அமைப்புகளும் சுமக்கின்றன.

மற்றொரு தடை எண்ணிக்கை. சில மரபணுக் கோளாறுகளில் உலகம் முழுவதும் சேர்த்தே சில நூறு பேர்தான் அறியப்பட்டிருப்பார்கள். குலுக்கிப் பிரிக்க இரண்டு குழுக்கள் தேறாது. இந்த இடத்துக்கு ஏற்ற ஒரு முறை, ஒற்றை நோயாளி ஆய்வு. ஒரே குழந்தைக்குச் சில வாரம் மருந்து, சில வாரம் மருந்துப்போலி, மீண்டும் மருந்து, மீண்டும் மருந்துப்போலி என்று வரிசையை மாற்றி மாற்றித் தருகிறார்கள். எந்த வாரம் எது என்பது மருந்தாளுநரின் முத்திரையிட்ட உறைக்குள் மட்டும் இருக்கும். குறுகிய காலத்தில் வேலை செய்து, நிறுத்தியதும் விளைவு மறையும் மருந்துகளுக்கே இது பொருந்தும். தூக்கம் எத்தனை மணி, வலிப்பு எத்தனை முறை, சொல்லிய சொற்கள் எவை என்று பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் தனித்தனிக் குறிப்பேட்டில் எழுதிவருவார்கள். கடைசி வாரம் முடிந்ததும் உறையைப் பிரித்து, இரண்டு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்து, அந்தக் குழந்தைக்கு மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.